மாத்திரையைத் திறப்பதும் கிருமி, மூடுவதும் கிருமி

திருப்பூரில் ஒரு டையிங் யூனிட்டின் லேபில் வேலை செய்கிறேன். பையர் அனுப்பும் துணித்துண்டைப் பார்த்து, அதே ஷேடு நம் துணியில் வரும்படி சாயக் கணக்கு போட்டுக் கொடுக்க வேண்டும். லேப் டிப் என்போம். அதோடு நான் ஒரு குடல் அழற்சி நோயாளி. எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்தோல் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகும். சில காலம் அடங்கியிருக்கும், அப்புறம் மறுபடி கிளம்பும். தொழிலும் நோயும் ஓரிடத்தில் சந்திக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சல்ஃபாசலசின் மாத்திரையின் பெயரைப் போட்டு நெட்டில் தேடியபோது, அதன் வேதியியல் படத்தில் சந்தித்துவிட்டன.

இந்தப் பக்கம் ஒரு வளையம், அந்தப் பக்கம் ஒரு வளையம், நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள், அவற்றுக்கு இடையே இரட்டைக் கோடு. அசோ பிணைப்பு! நான் நாள் முழுக்கப் புழங்குகிற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் கொடுப்பதே அந்தப் பிணைப்புதான். மாத்திரை ஏன் அப்படி ஆரஞ்சு மஞ்சளாக இருக்கிறது, சிறுநீர் ஏன் நிறம் மாறிப் போகிறது என்பதெல்லாம் அந்த நொடியில் புரிந்தது. நான் விழுங்கிக்கொண்டிருந்தது ஒரு சாயம். தயாரிக்கும் முறையும் சாயத் தொழிற்சாலை முறையேதான். சல்ஃபாபிரிடின் என்ற சல்ஃபா மருந்தை டயசோ ஆக்கி, அதாவது ஒட்டும் நிலைக்குக் கொண்டுவந்து, சாலிசிலிக் அமிலத்தோடு இணைப்பார்கள்.

எங்கள் தொழிலில் அசோ என்ற சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் பதற்றம் வரும். 1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. அப்புறம் ஐரோப்பா முழுக்க அந்த விதி வந்தது. இன்றும் ஏற்றுமதிச் சரக்குக்கு அசோ-ஃப்ரீ சர்ட்டிபிகேட் இல்லாமல் முடியாது. தடை எல்லா அசோ சாயத்துக்கும் இல்லை. பிணைப்பு அறுந்தால் பென்சிடின் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் அமீன்கள் வெளியே வரும் சாயங்களுக்கு மட்டும்தான். துணியில் அப்படிப்பட்ட அமீன் 30 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 30 பங்குக்கு, மேல் வரக் கூடாது. சோதனைக்கூடத்தில் அந்தப் பிணைப்பை அறுக்கப் பயன்படுவது சோடியம் டைதயோனைட். பட்டறையில் எல்லோரும் ஹைட்ரோஸ் என்று சொல்லும் அதே பொடி. ஷேடு தப்பிய துணியில் இருந்து சாயத்தை இறக்க நாங்கள் காஸ்டிக்கோடு சேர்த்துப் போடுவோமே, அதுதான்.

ஹைட்ரோஸ் பட்டறையில் செய்வதை உடம்புக்குள் யார் செய்கிறார்கள்? ஈரல் கொஞ்சம் செய்யும். பெரும்பகுதியைச் செய்பவை பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள். அங்கே ஆக்சிஜன் கிடையாது என்பதால், அசோ பிணைப்பை அறுப்பது அவற்றுக்கு எளிது. தடை செய்யப்பட்ட சாயத்தை அறுத்தால் விஷம் வருகிறது. என் மாத்திரையை அறுத்தால் மருந்து வருகிறது. அறுக்காமல் விட்டால் அந்த மாத்திரை எனக்கு உதவவே உதவாது.

ஒருநாள் ஷிப்ட் முடிந்த பிறகு இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாத்திரையைப் பொடித்தேன். வெறும் தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. இரண்டு சொட்டு காஸ்டிக் விட்டதும் கரைந்து, பீக்கர் முழுக்கப் பளீரென்று ஆரஞ்சு. சூடாக்கி, ஸ்பேட்டுலா நுனியில் கொஞ்சம் ஹைட்ரோஸ் போட்டேன். மூக்கில் ஏறும் அந்தக் கந்தக நெடி வந்தது. ஆரஞ்சு மெலிந்து, வெளிறி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டது. மூடாமல் வைத்திருந்ததில் அப்புறம் மெல்லப் பழுப்பு ஏறியது. மாத்திரை உடைந்து வரும் இரண்டு துண்டில் ஒன்றான 5-ஏஎஸ்ஏ (5-அமினோசாலிசிலிக் அமிலம்) காற்றுப் பட்டால் அப்படித்தான் கறுக்கும். என் குடலுக்குள் தினமும் சத்தமில்லாமல் நடப்பது இதுதான் என்று நினைத்தபோது, அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே ஒரு மரியாதை வந்தது.

இந்த மருந்தைக் கொண்டு வந்தவர் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர். 1937இல் பேராசிரியர் ஆனவர். அந்த நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான். அந்த மருந்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக், ப்ரோண்டோசில் என்ற சிவப்பு அசோ சாயம் பாக்டீரியா தொற்றைக் குணமாக்குகிறது என்று 1935இல் வெளியிட்டார். அதே ஆண்டு பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆட்கள், வேலை செய்வது சாயம் அல்ல, அது உடம்புக்குள் உடைந்து வரும் நிறமற்ற சல்ஃபானிலமைட் என்று காட்டினார்கள். அந்தக் காலத்தில் மூட்டுவாதத்துக்கும் ஏதோ தொற்றுதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். ஸ்வார்ட்ஸும் மூட்டுவாத நோயாளிகளுக்காகத்தான் கிருமிக்கு ஒரு சல்ஃபா மருந்தையும் வலிக்கு ஒரு சாலிசிலிக் அமிலத்தையும் ஒரே மூலக்கூறாகக் கட்டச் சொன்னார். கொடுத்துப் பார்த்தால், குடல் புண் இருந்தவர்களுக்கு அது நன்றாகக் கேட்டது. 1940களின் தொடக்கத்தில் அதை எழுதி வெளியிட்டார்.

ஏன் கேட்கிறது என்பது பல ஆண்டுகள் யாருக்கும் சரியாகத் தெரியாது. 1972இல் பெப்பர்கார்ன், கோல்ட்மேன் என்ற இருவர், பிறந்ததில் இருந்தே கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து உடையாமல் அப்படியே வெளியே வந்தது. சாதாரண எலிகளில் உடைந்தது. ஆக, அறுப்பது குடல் பாக்டீரியா என்பது உறுதியானது. அடுத்த கேள்வி, உடைந்த இரண்டு துண்டில் எது மருந்து என்பது. அதற்குப் பதில் சொன்னவர்களில் முதல் பெயர் ஆசாத் கான். வங்கதேசத்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ் என்பவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முழு மருந்தையும், இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 5-ஏஎஸ்ஏ வேலை செய்தது. சல்ஃபா துண்டு செய்யவில்லை. 1977இல் லான்செட்டில் வந்தது. இன்று இந்த நோய்க்காரர்களில் பலர் சாப்பிடும் மெசாலமின், சல்ஃபா இல்லாத அந்த ஒற்றைத் துண்டுதான். குமட்டல், தலைவலி என்று சல்ஃபாசலசின் படுத்தும் பாட்டில் பெரும்பகுதி அந்த வேண்டாத துண்டால் வருவது. எனக்கு அது ஒத்துக்கொள்கிறது, விலையும் குறைவு. அதனால் டாக்டர் மாற்றவில்லை. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஒன்று.

ட்ரூலவ் பெயரை ஆஸ்பத்திரியில் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், அவர் யாரென்று தெரியாமலே. நோய் முற்றி அட்மிட் ஆன இரவு, ட்யூட்டி டாக்டர் நாடி பார்த்தார், ஜுரம் பார்த்தார், ஹீமோகுளோபினும் ஈஎஸ்ஆரும் பார்த்தார். "ரத்தத்தோட ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க போகுது? ஆறுக்கு மேல இருக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த ஆறு என்ற கணக்கு, 1955இல் ட்ரூலவும் விட்ஸும் கார்டிசோன் மருந்தைச் சோதித்தபோது நோயின் கடுமையை அளக்க வகுத்தது. இன்னும் அதையே பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன்பு ஒரு மருத்துவர் என்னை மாதக்கணக்கில் மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தே ஓட்டினார். அம்மா தன் பங்குக்கு, "எல்லாம் சூடு கண்ணு, வெந்தயம் ஊற வெச்சுக் குடி" என்றார். என் மனைவிதான், "என்னங்க, மூலமா இருந்தா இப்படி எடை குறையுமா?" என்று கேட்டு, குடல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கொலோனோஸ்கோபி செய்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. ரத்தம் போகிறது என்றால் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுங்கள். இதைப் படிப்பவர்களிடம் அதை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்.

நோயின் பெயர் வெளியே தெரிந்ததும் எல்லோரும் சொன்ன அறிவுரை, "எதிர்ப்பு சக்தியை ஏத்துங்க". கஷாயம், பொடி, டப்பா டப்பாவாக ஏதேதோ. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோயில் எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே தேவைக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்த வேண்டிய பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. இதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்த விதம்தான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நம் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் இஸ்ரேலின் வைஸ்மான் இன்ஸ்டிட்யூட் ஆட்கள் கணக்குப் போட்டார்கள். நம் சொந்த செல்களைவிடக் கொஞ்சம் அதிகம். பெரும்பாலானவை பெருங்குடலில்தான். இவ்வளவு கூட்டம் ஒரு மெல்லிய தோலுக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் நோய் எதிர்ப்புச் செல்கள் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கச் சொல்லும் கட்டளைகளில் ஒன்று இன்டர்லூக்கின்-10 என்ற புரதம். 1993இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் வெர்னர் முல்லரின் குழு அந்தப் புரதத்துக்கான ஜீனை எடுத்துவிட்டு எலிகளை உருவாக்கியது. அவற்றுக்குக் குடல் அழற்சி வந்தது. சரி, பிரேக் போனால் நோய் வரும், எதிர்பார்க்கக்கூடியதுதான். அமெரிக்காவில் நார்த் கரோலினாவின் பால்ஃபர் சார்ட்டர் குழு 1998இல் செய்தது அதற்கு அடுத்த படி. அதே ஜீன் இல்லாத எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தார்கள். நோய் வரவில்லை. சாதாரணக் குடல் பாக்டீரியாவை உள்ளே விட்டதும் வந்தது. அவை காலரா மாதிரியோ டைபாய்டு மாதிரியோ ஊர் அறிந்த நோய்க்கிருமிகள் அல்ல. எந்த எலியின் குடலிலும் சாதுவாக இருப்பவை.

எலிக்கு நடந்தது மனிதனுக்கு நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. பெல்ஜியத்தில் லூவன் நகரத்தில் பால் ருட்கீர்ட்ஸ் என்ற மருத்துவர், குடல் அழற்சியின் இன்னொரு வகையான கிரோன் நோய்க்காரர்களிடம் அதைப் பார்த்தார். நோயுற்ற குடல் பகுதியை வெட்டி எடுத்துத் தைத்த பிறகு, அந்தத் தையல் பக்கம் உணவுக்கழிவு போகாமல் மேலேயே வயிற்றில் துளை போட்டுத் திருப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பகுதி சுத்தமாக இருந்தது. பாதையை மறுபடி இணைத்தார்கள், நோய் திரும்பியது. 1991இல் வெளியான ஆய்வு. 1998இல் அதே ஊரில் இன்னும் ஒரு படி போனார்கள். நோயாளியின் குடலில் இருந்தே எடுத்த கழிவை அந்த ஓய்வில் இருந்த பகுதிக்குள் எட்டு நாள் செலுத்தினார்கள். எட்டே நாளில் அழற்சியின் அறிகுறி நுண்ணோக்கியில் தெரிந்தது. அதற்குச் சம்மதித்தவர்கள் மூன்று பேர். தங்கள் குடலை அப்படி ஒப்புக்கொடுத்த அந்த மூன்று பேரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது.

இன்டர்லூக்கின்-10 கதை இன்னொரு இடத்தில் போய் முடிந்தது. பிறந்த ஒரு வருடத்துக்குள் கடுமையான குடல் அழற்சி வந்து, எந்த மருந்துக்கும் கேட்காத குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். 2009இல் ஜெர்மனியின் ஹனோவரில் கிறிஸ்டோஃப் க்ளைன் குழுவினர் அப்படிப்பட்ட குழந்தைகளின் ஜீன்களைப் பார்த்தபோது, அந்தப் புரதத்தை வாங்கிக்கொள்ளும் ரிசெப்டரில் கோளாறு. எலியில் வேண்டுமென்றே உண்டாக்கிய குறை, இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருந்தது. நோய் எதிர்ப்புச் செல்களை மாற்றினால் சரியாகுமே என்று ஒரு குழந்தைக்கு வேறொருவரின் ஸ்டெம் செல்லைக் கொடுத்தார்கள். நோய் அடங்கியது. எலிக்கூண்டில் இருந்து ஒரு குழந்தையின் கட்டில் வரை வர 16 ஆண்டுகள். ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

என்னைப் போன்ற பெரும்பாலோருக்குக் கதை இவ்வளவு நேர்க்கோடாக இல்லை. ஒற்றை ஜீன் கிடையாது. கிரோன் நோய்க்கு 2001இல் கண்டுபிடித்த முதல் பெரிய ஜீன் நாட்2. ஐரோப்பியர்களிடம் அடிக்கடி தென்படும் அதன் மாற்றங்களை வேலூர் சிஎம்சியில் ராமகிருஷ்ணா குழுவினர் இந்திய நோயாளிகளிடம் தேடினார்கள். இல்லை. 2008இல் எழுதினார்கள். நோயின் பெயர் ஒன்றுதான், வந்து சேரும் வழி ஊருக்கு ஊர் வேறு.

ஒற்றைக் கிருமியும் கிடையாது. ஆனால் குறைந்துபோகும் சில உண்டு. பிரான்ஸில் ஹாரி சோகோல் 2008இல் காட்டிய ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி அவற்றில் முக்கியமானது. கிரோன் அறுவை செய்துகொண்டவர்களில் இது குறைவாக இருந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் நோய் திரும்பும் ஆபத்து அதிகமாக இருந்தது. நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியா இது. பெருங்குடல் தோலின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான் என்று வில்லியம் ரோடிகர் 1980லேயே சொல்லியிருந்தார். 2013இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெவ்வேறு குழுக்கள், எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் டி செல்கள் உருவாகவும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள் உதவுகின்றன என்று காட்டின. அதாவது பிரேக்குக்கு எண்ணெய் போடுவதும் கிருமிதான்.

இந்த இடத்தில் பழைய சோறு வாட்ஸப்பில் வந்து நிற்கும். ஆறிய சோற்றில் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், அது பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளுக்கு உணவாகும் என்பது உண்மை. அப்படிப்பட்ட மாவுச்சத்தைக் கொண்டு நம் வேலூரிலேயே அருமையான வேலை நடந்திருக்கிறது. காலரா நோயாளிகள் 48 பேரிடம், ஒரு பிரிவுக்கு உப்புக்கரைசலில் செரிக்காத சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது பேதி சீக்கிரம் குறைந்தது. 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. ஆனால் காலரா வேறு, என் நோய் வேறு. பழைய சோறு எனக்குப் பிடிக்கும், சாப்பிடுகிறேன். அது மாத்திரைக்குப் பதில் என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. குடல் கிருமிப் பட்டியல் எடுத்துத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்களுக்கும் அதே பதில்தான்.

ஆரோக்கியமானவர்களின் மலத்தையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. கனடாவில் 2015இல் வந்த சோதனையில் 75 பேர், எல்லோரும் என்னைப் போன்ற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்காரர்கள். மலம் பெற்றவர்களில் ஒன்பது பேருக்கு நோய் அடங்கியது. அந்த ஒன்பதில் ஏழு பேருக்குக் கிடைத்தது ஒரே ஒருவருடைய மலம். அவரிடம் அப்படி என்ன இருந்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்னும் ஆட்கள் லேபில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி 2023இல் வந்த ஒன்று, சாயக்காரனான என்னை மறுபடி மாத்திரைக்கே கூட்டிவந்தது. அமெரிக்காவில் 132 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் வாங்கி, அதில் இருந்த கிருமி, ஜீன், வேதிப்பொருள் எல்லாவற்றையும் பதிவு செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. அந்தத் தரவை எடுத்து ராஜ் மேத்தா, கர்டிஸ் ஹட்டன்ஹோவர் குழுவினர், சிலருக்கு 5-ஏஎஸ்ஏ ஏன் கேட்பதில்லை என்று தேடினார்கள். குடல் பாக்டீரியாக்களின் 12 நொதிக் குடும்பங்கள் கிடைத்தன. அவை 5-ஏஎஸ்ஏயின் அமீன் முனையில் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகின்றன. ஒட்டினால் மருந்து செயலிழந்து போகும். அந்த 12இல் நான்கு, மருந்து தோற்றுப்போவதோடு சேர்ந்தே காணப்பட்டன.

ஒரு கூட்டம் அசோ பிணைப்பை அறுத்து மருந்தைத் திறந்துவிடுகிறது. இன்னொரு கூட்டம் அதே மருந்தின் வாயில் மூடி போடுகிறது. அமீன் முனையை அசிட்டைல் போட்டு அடைப்பது சாயம் செய்கிறவர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் வேலை. கட்டுரையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நோயின் அளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மெசாலமின் கேட்டு, இன்னொருவர் ஸ்டீராய்டுக்கும் ஊசிக்கும் போக நேர்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மருந்து எழுதும் முன்பே மலத்தில் அந்த நொதிகளைப் பார்க்கும் சோதனை வந்தால் எத்தனை பேருக்கு எத்தனை மாதம் மிச்சம்!

அந்த 132 பேரும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போனவர்கள். இட்லியும் ராகிக்களியும் மோரும் சாப்பிட்டு வளர்ந்த குடல்களில் அந்த நொதிகள் எவ்வளவு இருக்கும் என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும். போன செக்கப்பில் என் டாக்டரிடம் இதைக் கேட்டேன். கட்டுரையை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். எங்கள் யூனிட்டிலேயே இந்த நோயுள்ள இன்னொரு பையன் ஃபினிஷிங்கில் இருக்கிறான். அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.